பத்துக் காப்பீடுகளுக்கு ஒரு செவிலியர்
அமெரிக்க முதல்நிலை மருத்துவத்தில் ஒரு கூட்டுமுயற்சியின் கணக்கு

1. கேள்வி

காப்பீடு என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது மருத்துவமனைக் கட்டில்தான். சேர்க்கை, முன்அனுமதி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் பில் முடியும்வரை வராந்தாவில் காத்திருப்பது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும், 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியபோதும், 2018இல் மத்திய அரசு ஆயுஷ்மான் திட்டத்தைத் தொடங்கியபோதும் காப்பீட்டுப் பணம் மருத்துவமனைகளை நோக்கியே போனது. சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்க நாம் கைக்காசைக் கொடுத்துத் தெருமுனை டாக்டரைப் பார்க்கிறோம், இல்லையேல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே குடும்ப மருத்துவரைச் சாதாரணமாகப் போய்ப் பார்ப்பதும் பெரும்பாலும் ஏதோ ஒரு காப்பீட்டின் கணக்கு வழியாகவே நடக்கிறது. ஆகவே முதல்நிலை மருத்துவம் நன்றாக இருக்கிறதா, நொடிந்து கிடக்கிறதா என்பதில் காப்பீட்டாளர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு.

அது நொடிந்து கிடக்கிறது என்பதில் அங்கே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2021இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவரைத் தேடிப் போகும் வருகைகளில் சுமார் 35 சதவீதம் முதல்நிலை மருத்துவத்துக்கு உரியவை என்றும், மொத்தச் செலவில் அதற்குக் கிடைப்பது சுமார் 5 சதவீதம் என்றும் கணக்கிட்டது. மறுபக்கத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஸ்டார்ஃபீல்டு பல பத்தாண்டுகள் திரட்டிய சான்றுகள் இருக்கின்றன. நோயாளி முதலில் போய் நிற்கும் இடம், ஆண்டுக்கணக்கில் தொடரும் உறவு, எல்லா உபாதைகளையும் ஒருங்கே பார்க்கும் கண், மற்ற மருத்துவர்களோடு இணைத்துவிடும் கை ஆகிய நான்கும் வலுவாக உள்ள நாடுகளிலும் வட்டாரங்களிலும் மக்கள்நலம் மேம்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம்.

பலன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது காப்பீட்டாளர்கள் ஏன் பணம் போடவில்லை? அரசுக் காப்பீடுகளும், ஒன்றோடொன்று போட்டியிடும் தனியார் நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சேர்ந்து போட்டால் நிலைமை மாறுமா? 2008 முதல் அமெரிக்காவில் இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளின் சான்றுகளை எடைபோடுவதே இக்கட்டுரை. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். கூடிப் பணம் போட்டதால் மருத்துவரகங்களுக்குச் செவிலியர்கள் வந்தார்கள். மருத்துவருக்குக் கூலி தரும் முறை மட்டும் பெரும்பாலும் பழையபடியே இருந்தது. கூட்டம் நிலைத்த இடங்களில் அழைத்தவர் கையில் சட்டம் இருந்தது.

2. தனியாக ஏன் யாரும் போடுவதில்லை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்கள் கற்பனை. ஒரு மருத்துவரின் பொறுப்பில் 2,000 பேர். அவர்களில் 400 பேர் மெடிகேரில், அதாவது 65 வயதைக் கடந்தோருக்காக 1965இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். ஏழைகளுக்கான மெடிகெய்டில் கொஞ்சம் பேர். மீதிப் பேர் எட்டு ஒன்பது தனியார் காப்பீடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். 150 பேரை வைத்திருக்கும் ஒரு தனியார் நிறுவனம் தலைக்கு மாதம் 5 டாலர் கூடுதலாகத் தருவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 9,000 டாலர் வரும். ஒரு செவிலியரின் சில வாரச் சம்பளத்துக்குத்தான் அது வரும். மெடிகேர் தலைக்கு 20 டாலர் தந்தால் 96,000 டாலர். இப்போது ஒரு செவிலியரை முழுநேரமாக வைக்கலாம்.

வைத்த பிறகுதான் சிக்கல். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரை மறுநாளே அழைத்து, பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறாரா என்று விசாரிப்பது அவர் வேலை. மூன்று மாதமாகச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வராதவரைத் தேடிப் பிடிப்பதும் அவர் வேலை. நோயாளியின் நெற்றியில் காப்பீட்டின் பெயர் ஒட்டியிருப்பதில்லை. பணம் கொடுத்த காப்பீட்டின் ஆளுக்கு மட்டும் தொலைபேசியில் பேசி, கொடுக்காத காப்பீட்டின் ஆளை விட்டுவிடும் செவிலியரை எந்த மருத்துவரும் வைத்துக்கொள்ள விரும்பமாட்டார். எனவே ஒருவர் போட்ட காசில் எல்லோரும் பலன் காண்கிறார்கள். ஓசியில் கிடைப்பதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று அடுத்த நிறுவனம் யோசிக்கிறது. யோசிப்பதில் தப்பும் இல்லை.

பலன் கைக்கு வரும் காலமும் ஒரு தடை. முதலாளி காப்பீட்டை மாற்றினால் ஊழியரின் காப்பீடும் மாறும். வேலை மாறினாலும் மாறும். இதற்குச் சிறுநீரகம் நல்ல எடுத்துக்காட்டு. ஐம்பது வயதுச் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தை ஒரு தனியார் நிறுவனம் பத்தாண்டு கவனித்துக் காப்பாற்றுகிறது என்று கொள்வோம். காப்பாற்றாமல் விட்டிருந்தால் டயாலிசிஸ் செலவு யாருடையது? 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர் எந்த வயதினரானாலும் மெடிகேருக்கு உரியவர். முதலாளி வழிக் காப்பீடு 30 மாதம் முன்னே நின்று கொடுத்தால் போதும், பிறகு பெருஞ்சுமை அரசுடையது. தனியார் காப்பீட்டின் கவனிப்பில் மிச்சமாவது பெரும்பாலும் அரசின் பணம்.

ஏரிப்பாசனம் தெரிந்த நமக்கு இந்த நிலை புதிதல்ல. கரை உடைந்தால் ஆயக்கட்டு முழுதும் போகும். ஆனாலும் அடுத்தவன் மண்வெட்டி எடுக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கலாம். குடிமராமத்தை ஊர் ஒற்றுமையின் அடையாளமாக மட்டும் சொல்லிக் கேட்கிறோம். அதற்குப் பின்னால் கட்டாயமும் இருந்தது. 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வழக்கமான மராமத்துக்கு வராதவர்களை வரவைக்கப் போட்டதே. மனமொப்பி வருவதா, வரவைப்பதா என்ற இந்த வேறுபாடு பின்னால் வெர்மான்ட், ரோட் ஐலண்ட் மாநிலங்களிலும் வரப்போகிறது.

3. ஏழு வட்டாரங்கள், நான்கு ஆண்டுகள்

2010ஆம் ஆண்டு ஒபாமா அரசின் மருத்துவச் சட்டம், மெடிகேரிலும் மெடிகெய்டிலும் புதிய கட்டண முறைகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு புத்தாக்க மையத்தை உருவாக்கியது. அம்மையம் 2012 அக்டோபரில் தொடங்கிய விரிவான முதல்நிலை மருத்துவ முன்முயற்சி இந்த வகையில் ஒரு பெரிய தேசியச் சோதனை. ஆர்கன்சா, கொலராடோ, நியூ ஜெர்சி, ஓரிகன் ஆகிய மாநிலங்களும், நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கு, ஓஹாயோ-கென்டக்கி எல்லையிலுள்ள சின்சினாட்டி-டேட்டன், ஓக்லஹோமாவின் டல்சா ஆகிய பகுதிகளுமாக ஏழு வட்டாரங்கள் தேர்வாயின. சுமார் 500 மருத்துவரகங்கள் சேர்ந்தன. மெடிகேரோடு, அரசு, தனியார் இரண்டுமாக ஏறத்தாழ நாற்பது காப்பீட்டாளர்கள் கைகோத்தார்கள்.

மெடிகேர் தன் ஒவ்வொரு நோயாளிக்கும் மாதந்தோறும் பராமரிப்பு மேலாண்மைக் கட்டணம் கொடுத்தது. நோயின் கடுமையைப் பொறுத்து அது 8 முதல் 40 டாலர்வரை வேறுபட்டது. தொடக்க ஆண்டுகளில் சராசரி 20 டாலர், பிறகு 15. தனியார் நிறுவனங்களும் தத்தம் பங்குக்கு ஒரு தொகை கொடுத்தன. எவ்வளவு என்பதை மட்டும் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக் கூடாது. போட்டி நிறுவனங்கள் கூடி விலை பேசுவது 1890 முதல் அந்நாட்டில் குற்றம். ஆகவே ஒவ்வொன்றும் அரசோடு தனித்தனியே ஒப்பந்தம் போட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லாரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி, யார் எவ்வளவு வரி என்ற ஒன்றை மட்டும் வாய் திறக்காமல் எழுந்து போவது போன்ற கூட்டம் அது. வேடிக்கையாகத் தோன்றினாலும் சட்டம் அனுமதித்த வழி அதுதான்.

மருத்துவரகத்தின் மேசையில் இந்தக் கூட்டு எப்படித் தெரிந்தது? செவிலியருக்கு முதலில் தேவைப்படுவது பட்டியல். எந்த நோயாளி நம் பொறுப்பு? மெடிகேர் முந்தைய இரண்டு ஆண்டு பில்களைப் பார்த்து, யாரிடம் அதிகம் போனாரோ அந்த மருத்துவரகத்தின் கணக்கில் ஒருவரைச் சேர்த்தது. தனியார் நிறுவனங்களிலோ ஆளுக்கொரு விதி. சிலவற்றில் நோயாளியே மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், சிலவற்றில் அப்படி ஒரு பெயரே கிடையாது. பட்டியல்கள் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வடிவில், வெவ்வேறு இணையக் கணக்குகளில் வந்து சேரும். தர அளவுகளும் அப்படியே. சர்க்கரையின் மூன்றுமாதச் சராசரி 9 சதவீதத்தைத் தாண்டியவர் எத்தனை பேர் என்று ஒரு காப்பீடு கேட்கும், 8க்குக் கீழ் உள்ளவர் எத்தனை பேர் என்று இன்னொன்று கேட்கும். 8.4 உள்ள ஒரே மனிதர் ஒரு படிவத்தில் தேறியவர், அடுத்த படிவத்தில் தோற்றவர். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. செவிலியர் நிரப்ப வேண்டிய கட்டங்கள்தான் கூடும்.

கூட்டின் உண்மையான சாதனை என்று நான் கருதுவது இந்த அலுப்பான இடத்தில்தான் நடந்தது. கொலராடோ, டல்சா, சின்சினாட்டி வட்டாரங்களில் காப்பீட்டாளர்கள் தங்கள் தரவுகளை ஒன்றாகத் திரட்டி ஒரே அறிக்கையாகத் தர முன்வந்தார்கள். 2016 பிப்ரவரியில் மெடிகேர் நிர்வாகமும் தனியார் காப்பீட்டாளர்களின் சங்கமும் சேர்ந்து பொதுவான தர அளவுகளின் ஏழு தொகுப்புகளை வெளியிட்டன. ஆய்வாளர்கள் செலவையும் மிச்சத்தையும் எண்ணிக்கொண்டிருந்ததால் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

செலவு, மிச்சம் என்று பார்த்தால் நிலவரம் இது. முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றிய மதிப்பீடு 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மருத்துவர் ஒருவருக்கு நடுமதிப்பாக 1,15,000 டாலர் கூடுதல் கட்டணம் போயிருந்தது. மெடிகேரின் மாதச் செலவு ஒப்பீட்டு மருத்துவரகங்களைவிட நோயாளிக்கு 11 டாலர் குறைவாக வளர்ந்தது. அது புள்ளியியல்படி உறுதியானதல்ல. கொடுத்த கட்டணத்தைச் சேர்த்தால் 7 டாலர் கூடுதல், அதுவும் உறுதியற்றது. நான்காண்டு முடிவு 2018இல் வந்தபோதும் படம் மாறவில்லை. செலவு வளர்ச்சி சுமார் 1 சதவீதம் தணிந்தது, அவசரப் பிரிவு வருகைகளின் வளர்ச்சி சுமார் 2 சதவீதம் தணிந்தது. கொடுத்த கட்டணத்தை ஈடுகட்ட அது போதவில்லை. நோயாளிகளின் அனுபவத்திலும் மருத்துவர்களின் அனுபவத்திலும் பெரிய முன்னேற்றம் இல்லை.

முதல் மதிப்பீட்டில் ஓர் எண் என்னை நிறுத்தியது. திட்டத்தில் இருந்தவர்கள் முதல்நிலை மருத்துவரைப் பார்க்கப் போன வருகைகள் 3 சதவீதம் குறைந்திருந்தன. செவிலியர் தொலைபேசியில் முடித்துவிட்ட வேலைக்கு நோயாளி நேரில் வரத் தேவையில்லை என்று இதைப் படிக்கலாம், நல்ல செய்திதான். ஆனால் மருத்துவரின் அன்றாட வருமானம் இன்னமும் வருகை ஒன்றுக்கு இவ்வளவு என்றே வந்துகொண்டிருந்தது. வருகை குறைந்தால் வருமானமும் குறையும். அவரது வலக்கையில் ஊக்கத்தொகையைக் கொடுத்து இடக்கையிலிருந்து பில்லைப் பிடுங்கும் ஏற்பாடு இது. அதன் முடிவு ஒரு சதவீதமாக இருப்பதில் வியப்பில்லை.

4. அளவு போதவில்லையா, கருவி தவறா?

இந்த முடிவுகளுக்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. பணமும் காலமும் போதவில்லை என்பது ஒன்று. கட்டண முறையை மாற்றாமல் மேலே காசு தூவினால் பயனில்லை என்பது மற்றது. 2017இல் தொடங்கி 2021வரை நடந்த அடுத்த சுற்று இரண்டையும் சோதிக்கும் வாய்ப்பைத் தந்தது. 18 வட்டாரங்கள், சுமார் 3,000 மருத்துவரகங்கள், இரண்டு கட்டணத் தடங்கள். முதல் தடத்தில் தலைக்குச் சராசரி 15 டாலர். இரண்டாம் தடத்தில் 28 டாலர், மிகச் சிக்கலான நோயாளிகளுக்கு 100 டாலர்வரை. இரண்டாம் தடத்தில் இன்னொன்றும் செய்தார்கள்: வழக்கமான வருகைக் கட்டணத்தின் ஒரு பங்கை வெட்டி, அதை முன்பணமாகக் காலாண்டுதோறும் கொடுத்தார்கள். நோயாளி நேரில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் வரும்.

ஐந்தாண்டு கழித்தும் அவசரப் பிரிவு வருகைகளும் மருத்துவமனைச் சேர்க்கையும் கொஞ்சம் குறைந்தன. மொத்தச் செலவு குறையவில்லை. கூடுதல் கட்டணத்தைச் சேர்த்தால் ஏறியது. முதல் விளக்கம் இத்துடன் பெரிதும் வலுவிழக்கிறது. இரண்டாவது விளக்கம் தப்பித்துக்கொள்கிறது என்றே சொல்வேன். முன்பணம் கொடுத்தது முக்கியமாக மெடிகேர். தனியார் நிறுவனங்களில் பல பழைய வருகைக் கட்டணத்தின் மேல் ஒரு சிறு தொகையை வைத்ததோடு நின்றன. மருத்துவரகத்தின் வருமானத்தில் கால்வாசி ஒரு முறையிலும் முக்கால்வாசி பழைய முறையிலும் வந்தால், நாள் முழுக்க ஓடும் சந்திப்பு அட்டவணையை முக்கால்வாசிதான் தீர்மானிக்கும்.

பென்சில்வேனியா மாநிலத்தின் அனுபவம் இதைவிடக் கூர்மையான சான்று, ஒரே மாநிலத்தின் இரு மூலைகளை ஒப்பிட முடிகிறது என்பதால். ஆளுநர் எட் ரெண்டல் காலத்தில், 2008இல், தென்கிழக்குப் பகுதியில் ஆறு காப்பீட்டாளர்களும் 32 மருத்துவரகங்களும் சேர்ந்தார்கள். ஊக்கத்தொகை பெரும்பாலும் ஒரு தேசியத் தர அமைப்பின் சான்றிதழ் பெறுவதோடு கட்டப்பட்டிருந்தது. மூன்றாண்டில் மருத்துவருக்குச் சராசரி 92,000 டாலர் போனது. மார்க் ஃப்ரீட்பெர்க்கும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பதினொரு தர அளவுகளில் ஒன்றே ஒன்றில்தான் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. செலவோ சேர்க்கையோ குறையவில்லை. சான்றிதழ் என்னவோ எல்லோருக்கும் கிடைத்தது.

அதே ஆய்வுக்குழு மறு ஆண்டு வடகிழக்குப் பகுதியின் முடிவை வெளியிட்டது. அங்கே இரண்டே காப்பீட்டாளர்கள், 27 மருத்துவரகங்கள். மிச்சமான பணத்தில் மருத்துவரகத்துக்குப் பங்கு உண்டு. யார் மருத்துவமனையில் சேர்ந்தார், யார் அவசரப் பிரிவுக்குப் போனார் என்ற தகவலைக் காப்பீட்டாளர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் மாதத்துக்கு ஆயிரம் நோயாளிகளில் மருத்துவமனைச் சேர்க்கை 8.5, ஒப்பீட்டுக் குழுவில் 10.2. அவசரப் பிரிவு 29.5, எதிரே 34.2. முதல்நிலை மருத்துவரிடம் போனவை 349, எதிரே 271.5.

இரு பகுதிகளின் மருத்துவரகங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ஆகவே இதை வைத்து அறுதியிட்டுப் பேசக் கூடாது. ஆனாலும் மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதைவிட, பணம் எதற்குக் கொடுக்கப்பட்டது, தகவல் எப்போது வந்தது என்பவையே முடிவைத் தீர்மானித்தன என்று கொள்ள இடமிருக்கிறது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் மெலிந்துபோகும். சான்றிதழுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். மிச்சத்தைப் பங்கு பிரிக்க எல்லோரும் தலையாட்டமாட்டார்கள்.

5. சட்டம் அழைத்த கூட்டங்கள்

ரோட் ஐலண்ட் மிகச் சிறிய மாநிலம். காப்பீட்டு நிறுவனங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2004இல் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே தனி ஆணையர் பதவியை ஏற்படுத்தியது. முதல் ஆணையர் கிறிஸ்டஃபர் கோலர். 2008இல் ஐந்து மருத்துவரகங்களோடு ஒரு பல்காப்பீட்டுக் கூட்டு தொடங்கியது. ஆணையர் அலுவலகம் அழைத்த கூட்டம் என்பதால், போட்டியாளர்கள் கூடிப் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. அடுத்துத்தான் கோலரின் பெரிய நகர்வு. 2010 முதல், தனியார் நிறுவனங்கள் தங்கள் மருத்துவச் செலவில் முதல்நிலை மருத்துவத்தின் பங்கை ஆண்டுக்கு 1 சதவீதப் புள்ளி வீதம் ஐந்தாண்டுக்கு உயர்த்த வேண்டும் என்று விதித்தார். அதற்காகப் பிரீமியத்தை ஏற்றவும் கூடாது. கூடவே மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் விலை ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம் என்பதற்கும் உச்சவரம்பு வைத்தார். பிரீமிய விகிதத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவர் கையில் இருந்ததால் நிறுவனங்கள் இறங்கிவந்தன.

ஏரன் பாமும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டது. காலாண்டுச் செலவு தலைக்கு 76 டாலர் குறைந்திருந்தது, 2009ஆம் ஆண்டு அளவில் ஏறத்தாழ 8 சதவீதம். முதல்நிலை மருத்துவ ஒருங்கிணைப்புக்குப் போன பணம் காலாண்டுக்குத் தலைக்கு 21 டாலர் கூடியது. கழித்துப் பார்த்தாலும் மிச்சம்தான். இதைச் சிலர் முதல்நிலை மருத்துவத்தின் வெற்றியாகக் காட்டுகிறார்கள். அது ஆய்வைப் பாதி படித்ததன் விளைவு. செலவு குறைந்தது மருத்துவமனை விலைகளைக் கட்டுப்படுத்தியதால் என்பதையே ஆய்வாளர்கள் கண்டார்கள். குடும்ப மருத்துவர் நன்றாகக் கவனித்ததால் மக்கள் மருத்துவமனைக்குப் போவது குறைந்தது என்பதற்கு அங்கே சான்று இல்லை. அப்படியானால் கூட்டு தோற்றதா? நான் அப்படிப் படிக்கவில்லை. முதல்நிலை மருத்துவத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, அது தானே மிச்சம் பிடித்துத் தரும் என்று மற்ற திட்டங்கள் கனவு கண்டன. ரோட் ஐலண்ட் அதை மருத்துவமனையின் விலைப் பட்டியலிலிருந்து எடுத்தது.

வெர்மான்ட் வேறு வழியில் போனது. 2003இல் தொடங்கிய அதன் மருத்துவ வரைவுத் திட்டத்தில், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெரிய தனியார் காப்பீட்டாளர்களும் மெடிகெய்டும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள். மறு ஆண்டு மெடிகேரும் வந்தது. காப்பீட்டாளர்கள் சேர்ந்து சமூக நலக் குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சுமார் 20,000 மக்களுக்கு ஐந்து முழுநேரப் பணியிடங்கள் என்பது அளவு. செவிலியர், சமூகப் பணியாளர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் என்று ஊருக்குத் தேவையானவர்களை அந்தந்த வட்டாரமே வைத்துக்கொள்ளலாம். இவர்களைப் பார்க்க வருபவரிடம் எந்தக் காப்பீடு என்ற கேள்வி இல்லை, பில் இல்லை, முன்அனுமதி இல்லை. மேலே நான் போட்ட 9,000 டாலர் கணக்கு இங்கே பொருளற்றுப் போகிறது. செவிலியர் எந்தக் காப்பீட்டின் ஆளும் அல்ல, வட்டாரத்தின் ஆள். நான் படித்தவற்றில், ஊர் கூடிக் காக்கும் ஏரிக்கரைக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு இதுதான்.

6. மேசைக்கு வராதவர்கள்

வெர்மான்டின் கட்டாயத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அமெரிக்காவில் வேலைவழிக் காப்பீடு பெற்ற தொழிலாளர்களில் பெரும்பான்மையினர், கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 65 சதவீதம் பேர், உண்மையில் காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தில் இல்லை. செலவை முதலாளியே தன் கஜானாவிலிருந்து ஏற்கிறார். அட்டையில் பெயர் போட்டிருக்கும் காப்பீட்டு நிறுவனம் கணக்கெழுதும் குமாஸ்தா மட்டுமே. இத்தகைய திட்டங்கள் 1974ஆம் ஆண்டு மத்தியச் சட்டமொன்றின் நிழலில் இருப்பதால் மாநிலங்களின் கை அங்கே எட்டாது. ஆகவே ஒரு தனியார் நிறுவனம் கூட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டாலும், அதன் அட்டை வைத்திருக்கும் பலரின் முதலாளிகள் தலைக்கு 5 டாலர் கொடுக்க மறுத்துவிடலாம். பல வட்டாரங்களில் அதுவே நடந்தது.

கோபீல் எதிர் லிபர்ட்டி மியூச்சுவல் வழக்கு இதைப் பகிரங்கமாக்கியது. எல்லாக் காப்பீடுகளின் பில் தரவையும் ஒரே களஞ்சியத்தில் சேர்க்க வெர்மான்ட் சட்டம் செய்திருந்தது. லிபர்ட்டி மியூச்சுவல் நிறுவனம் தன் ஊழியர்களுக்கான திட்டத்தின் தரவைத் தர மறுத்தது. அத்திட்டத்தில் வெர்மான்டில் இருந்தவர்கள் மொத்தம் 137 பேர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2016 மார்ச்சில் ஆறுக்கு இரண்டு என்ற தீர்ப்பில், சுயநிதித் திட்டங்களை மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்றானது. 137 பேரின் தரவு போனால் போகிறது. அந்தத் தீர்ப்போடு நாடெங்கும் இத்தகைய திட்டங்களில் இருக்கும் கோடிக்கணக்கானோரின் தரவு, தானாக விரும்பித் தந்தால் ஒழிய, மாநிலக் களஞ்சியங்களுக்கு வெளியே போனது. பட்டியலே முழுமையாக இல்லாதபோது, டல்சாவிலும் சின்சினாட்டியிலும் சாதித்த ஒற்றை அறிக்கையும் ஓட்டை விழுந்ததாகவே இருக்கும்.

7. எந்தத் தராசு?

2010ஆம் ஆண்டுச் சட்டம் புத்தாக்க மையத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. ஒரு சோதனையை நாடு முழுக்க விரிக்க வேண்டுமானால், அது தரத்தைக் குறைக்காமல் செலவைக் குறைக்க வேண்டும், அல்லது செலவைக் கூட்டாமல் தரத்தை உயர்த்த வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதய அறுவைக்கும் முழங்கால் மாற்றுக்கும், இது நாலாண்டில் போட்ட காசைத் திருப்பித் தருமா என்று யாரும் கேட்டதில்லை. அவை மனிதரைக் குணமாக்கினால் போதும். ஐந்து சதவீதம் பெறும் துறையிடம் மட்டும், மீதித் தொண்ணூற்றைந்தையும் குறைத்துக்காட்டு என்கிறோம். இத்தனைக்கும் மருத்துவச் சேவை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பு என்று மெடிகேருக்குப் பரிந்துரைக்க 1991 முதல் இயங்கிவரும் அமெரிக்க மருத்துவச் சங்கக் குழுவில் சிறப்பு மருத்துவர்களே பெரும்பான்மை. விலையை அவர்கள் பரிந்துரைக்க, மிச்சத்தைக் குடும்ப மருத்துவர் பிடித்துத் தர வேண்டும்.

ஆயினும் தராசு கோணல் என்று சொல்லிச் சான்றுகளைத் தள்ளிவிட முடியாது. கூடுதல் பணம் பெற்ற மருத்துவரகங்களில் நோயாளிகளின் அனுபவமும் பெரிதாக மாறவில்லையே? இதற்கு ஆதரவாளர்கள் தரும் பதில், ஒப்பீட்டு மருத்துவரகங்களும் அதே காலத்தில் மேம்பட்டுக்கொண்டிருந்தன என்பது. ஓரளவு சரி, முழுச் சமாதானம் ஆகாது.

நீடித்த காலம் கொடுத்துப் பார்க்கலாம் என்று கடைசியாக ஒரு திட்டம் வகுத்தார்கள். 2024 ஜூலையில் எட்டு மாநிலங்களில், பத்தரை ஆண்டுக்கென்று ஒரு புதிய முதல்நிலை மருத்துவத் திட்டம் தொடங்கியது. மாநில மெடிகெய்டுகளும் தனியார் காப்பீடுகளும் மெடிகேரோடு படிப்படியாக ஒரே தடத்துக்கு வரவேண்டும் என்பது அதன் எண்ணம். 2025 மார்ச்சில் புதிய நிர்வாகம் அதையும் வேறு சில திட்டங்களையும் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பத்தரை ஆண்டு ஒன்றரை ஆண்டானது. மத்திய அரசை நம்பித் தங்கள் கட்டண முறையைத் திருத்தத் தொடங்கியிருந்த காப்பீட்டாளர்கள் அடுத்த அழைப்பு வரும்போது எவ்வளவு சுறுசுறுப்பாக வந்து உட்காருவார்கள் என்பது ஊகிக்கக்கூடியதே.

மாநிலச் சட்டத்தால் கூட்டப்பட்டவை இன்னும் நடக்கின்றன. வெர்மான்டின் குழுக்கள் இருக்கின்றன. ரோட் ஐலண்டின் கூட்டு தொடர்கிறது. ஓரிகன் 2017இல் சட்டமியற்றி, 2023க்குள் செலவில் 12 சதவீதம் முதல்நிலை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்றது. ஆனால் ரோட் ஐலண்டிலேயே, 2025 ஜூன் இறுதியில், பெரிய முதல்நிலை மருத்துவக் குழுமம் ஒன்று கதவடைத்தது. சுமார் 25,000 நோயாளிகள் புது மருத்துவரைத் தேடி அலைந்தார்கள். பங்கு உயர்ந்தது உண்மை. ஆனால் உயர்ந்தது தனியார் காப்பீட்டுச் செலவில் உள்ள பங்கு. கட்டண விகிதம் அண்டை மாசசூசெட்ஸைவிடத் தாழ்வாக இருந்தது. மெடிகெய்டின் விகிதம் இன்னும் தாழ்வாக இருந்தது. எல்லையைத் தாண்டி அரைமணி நேரம் வண்டி ஓட்டினால் அதே வேலைக்குக் கூடுதல் சம்பளம். காப்பீட்டாளர்களை ஒரே மேசைக்கு இழுத்துவந்த ஆணையருக்கு அடுத்த மாநிலத்தின் சம்பளப் பட்டியலின் மேல் அதிகாரம் கிடையாது.